பாஸ் மீன் பித்து உள்ளவருக்கு என்ன பரிசு வாங்குவது? தூண்டில் தெரியாத துணைக்கு ஒரு வழிகாட்டி

என் மனைவி பாஸ் மீன் பிடிப்பவள். நான் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவன். கல்யாணமான புதிதில் அவளுடைய பிறந்தநாளுக்கு, தூண்டில் கயிற்றை (நரம்பு என்பார்கள்) சுற்றும் ரீல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பிரித்தாள். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “ரொம்ப நல்லா இருக்குங்க” என்றாள். பிறகு அதே பெட்டியில் பதமாக வைத்து அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டாள். இரண்டு வருடம் அது அங்கிருந்து இறங்கவே இல்லை.

என்ன குறை என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் வாங்கியது கைப்பிடி வலப்பக்கம் உள்ள ரீல். அவள் எழுதுவது வலக்கையால் என்பதால் அதுதான் சரி என்று நானே கணக்குப் போட்டுவிட்டேன். அவளோ வலக்கையால் வீசி, தூண்டில் கம்பை அந்தக் கையிலேயே வைத்துக்கொண்டு, இடக்கையால் நரம்பைச் சுற்றுகிறவள். வேறு சிலர் வீசி முடித்ததும் கம்பை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் சுற்றுவார்கள். இரண்டுமே பழக்கம்தான், எழுதும் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாஸ் பிடிப்பவர்கள் அதிகம் வைத்திருக்கும் பெய்ட்காஸ்டர் வகை ரீலில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டவும் முடியாது. இன்னொரு வகையான ஸ்பின்னிங் ரீலில் பெரும்பாலும் மாட்டலாம். நான் வாங்கியது முதல் வகை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி உண்டு. கடைக்குள் நுழைவதற்கு முன்னால் அவளுடைய தூண்டில் பெட்டிக்குள் நுழைந்துவிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த விதியின் விரிவுரைதான்.

எதைத் துரத்துகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாஸ் என்ற பெயரில் கடலிலும் ஆற்றிலுமாகப் பல மீன்கள் உண்டு. ஆனால் தூண்டில்காரர் ஒருவர் கண் மின்ன ‘பாஸ்’ என்று சொன்னால், பெரும்பாலும் அது நன்னீரில் வாழும் லார்ஜ்மவுத் அல்லது ஸ்மால்மவுத். வாயை மூடியிருக்கும்போது தாடையின் முனை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத். கண்ணைத் தாண்டாமல் நின்றுவிட்டால் ஸ்மால்மவுத். முன்னது பாசி, அல்லி இலை, மூழ்கிய மரம் என்று ஏதாவது ஒன்றின் மறைவில் பதுங்கியிருந்து பாயும். பின்னதற்குப் பாறையும் தெளிந்த, குளிர்ச்சியான தண்ணீரும் பிடிக்கும். பரிசுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பாசிக்குள் வீசுகிறவருக்கு ஏற்ற இரை, பாறைமேல் வீசுகிறவருக்கு உதவாது.

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். இது உயிர் இரையைக் கோத்துத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மீன்பிடிப்பு அல்ல. பெரும்பாலும் செயற்கை இரைதான். லூர் என்பார்கள். வீசுவது, சுண்டுவது, நிறுத்துவது, மறுபடி இழுப்பது என்று நாள் முழுக்கக் கை வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் கம்பும் ரீலும் கைக்குப் பழகிய பொருளாகிவிடுகின்றன. பழகிய பேனாவைப் பிடுங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுத்தால் எழுதுகிறவர் எப்படி முகம் சுளிப்பார்? அதே சுளிப்புதான் இங்கும்.

ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 22 பவுண்டு 4 அவுன்ஸ். கிட்டத்தட்ட 10 கிலோ. 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மான்ட்கோமரி ஏரி என்ற இடத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த லார்ஜ்மவுத்தின் எடை அது. 77 ஆண்டு கழித்து, 2009 ஜூலை 2 அன்று, ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் எடை இருந்தது. ஆனால் பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதலாக வேண்டும் என்பது விதி. ஆகவே இருவரும் சாதனையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். பாஸ் பித்து உள்ளவருக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்காது. நீங்கள் கொடுக்கும் வாழ்த்து அட்டையில் ‘22-4 கிடைக்கும் வரை’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். பரிசைவிட அந்த அட்டைதான் பத்திரமாக இருக்கும்.

பெட்டிக்குள் துப்பறியும் வேலை

இதற்கு ஒரு மணி நேரம் போதும். அவர் வீட்டில் இல்லாத பொழுதாகப் பார்த்து, கைப்பேசியோடு உட்காருங்கள். எதையும் இடம் மாற்றாதீர்கள். வீடெல்லாம் எப்படிக் கிடந்தாலும் தூண்டில் பெட்டியில் ஒரு ரப்பர் புழு இடம் மாறினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில் கம்புகள். கைப்பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், 12–20 பவுண்டு, 1/4–1 அவுன்ஸ் என்கிற மாதிரி. நீளம், கம்பின் வலு, நுனி எவ்வளவு சீக்கிரம் வளைந்து நிமிர்கிறது, எந்த நரம்பு தாங்கும், எவ்வளவு எடையுள்ள லூர் வீசலாம் என்பது அந்த வரிசை. ஒவ்வொரு கம்பையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரீல்களைக் கைப்பிடி எந்தப் பக்கம் என்று தெரியும்படி எடுங்கள். இது ஏன் என்று இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து லூர்கள். இங்கே ஒரு தந்திரம் உண்டு. பளபளவென்று புதிதாக இருப்பவற்றைப் பார்த்து ‘இதுதான் பிடிக்கும் போல’ என்று நினைத்துவிடாதீர்கள். வண்ணம் உரிந்து, பல் கீறல் விழுந்து, கண் ஒன்று காணாமல் போய், தூண்டில் முள் மட்டும் புதிதாக மாற்றப்பட்டிருக்கிறதே, அதுதான் அவருடைய செல்லப்பிள்ளை. பளபளப்பது யாரோ பரிசாகக் கொடுத்ததாக இருக்கலாம். செல்லப்பிள்ளையின் வயிற்றுப் பக்கத்தில் மாடலின் பெயரும் அளவும் சில சமயம் அச்சிட்டிருக்கும். அதையும் படம் எடுங்கள்.

ரப்பர் புழுக்கள் என்று நாம் சொல்லும் மென்மையான இரைகள் பாக்கெட்டில் இருக்கும். எந்தப் பாக்கெட்டில் ஒன்றிரண்டுதான் மிச்சம் என்று பாருங்கள். பாக்கெட்டின் மேலுள்ள நிறத்தின் பெயரை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். ‘பச்சை’ என்று குறித்தால் பயனில்லை. கிரீன் பம்ப்கின் ஒரு பச்சை, வாட்டர்மெலன் இன்னொரு பச்சை. இரண்டுக்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது. அவருக்குத் தெரியும், மீனுக்கும் தெரியும் என்று அவர் சத்தியம் செய்வார். கலங்கிய தண்ணீரில் கறுப்பும் நீலமும் கலந்தது, தெளிந்த தண்ணீரில் இயற்கையான பச்சை, பழுப்பு என்பது பொதுவான கணக்கு. உங்களவரின் கணக்கு வேறாக இருக்கலாம். தீர்ந்துபோன பாக்கெட் பொய் சொல்லாது.

லூர்களை அடுக்கி வைக்கும் தட்டையான பிளாஸ்டிக் டப்பாக்களைக் கவனியுங்கள். 3600, 3700 என்று இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. முன்னது சுமார் 11 அங்குல நீளம், பின்னது சுமார் 14. தூண்டில் பைகளையே இந்த எண்ணை வைத்துத்தான் விற்கிறார்கள். அவரிடம் இருப்பதெல்லாம் 3700 என்றால், 3600-க்கான அழகான பை அவருக்கு வெறும் துணிமூட்டைதான்.

கடைசியாக, காதைத் தீட்டி வையுங்கள். மீன் பிடித்துவிட்டு வரும்போது சொல்லும் புலம்பல்கள்தான் மிகச் சிறந்த பட்டியல். “மழைல உள்ள வரைக்கும் நனைஞ்சிட்டேன்”, “எடை காட்டுற மெஷின் மறுபடி மக்கர்”, “கண்ணு கூசி ஒண்ணும் தெரியல”. இந்த மூன்று வாக்கியத்தில் மூன்று வருடத்துப் பரிசு இருக்கிறது.

கரையா, கயாக்கா, படகா?

இதைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். கரையோரம் நடந்து பிடிக்கிறவர் எல்லாவற்றையும் தோளில் சுமக்கிறார். அவருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகில் போகிறவருக்குக் கை எட்டும் தூரம்தான் மொத்த வீடு. மோட்டார் படகில் போகிறவருக்கு இடம் தாராளம், ஆனால் எல்லா இடத்திலும் ஏற்கெனவே ஏதாவது இருக்கும்.

வாங்காமல் விடவேண்டியவை

கம்பு, ரீல், சோனார் (தண்ணீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி), படகின் மின் மோட்டார். இந்த நான்கையும் வியப்புப் பரிசாக வாங்காதீர்கள். விலை அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை. தப்பாகப் போக வழிகள் அதிகம்.

ரீலை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிப் பக்கம் ஒன்று. அதோடு கியர் விகிதம் என்று ஒன்று இருக்கிறது. 7.1:1 என்றால் கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் நரம்பு சுற்றியிருக்கும் உருளை 7.1 முறை சுற்றும். ஆழத்தில் போகும் கிராங்க்பெய்ட் வகை லூரை மெதுவாக, பலமாக இழுக்க 5 சொச்சம் உள்ளதை விரும்புவார்கள். தரையில் ஜிக் என்ற எடை வைத்த லூரைப் போட்டுச் சுண்டி, தொங்கும் நரம்பைச் சட்டென்று சுற்றி எடுக்க 7, 8 என்று கேட்பார்கள். கம்பிலும் இதே கதை. ஒரே நீளத்தில் உள்ள இரண்டு கம்புகள் ஒன்று தவளை வடிவ லூர் வீசவும் மற்றொன்று சின்னப் புழு வீசவும் இருக்கும். ஏற்கெனவே ஆறு கம்பு வைத்திருக்கிறவரிடம் ஏழாவது எதற்கு என்று நாம் கேட்கிறோம். அவரோ அந்த ஏழாவது எந்த வேலைக்கு என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருக்கிறார். அதை நாம் ஊகிக்க முடியாது.

சோனாரின் நிலைமை இன்னும் மோசம். அது படகின் பேட்டரி, கம்பி இணைப்பு, ஏற்கெனவே இருக்கும் கருவியின் நிறுவனம் என்று எல்லாவற்றோடும் ஒத்துப்போக வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் இதுதான்.

இவற்றில் ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும் என்று நெஞ்சு துடித்தால் வழி இருக்கிறது. ஒரு பழைய ரீல் கைப்பிடியையோ, கம்பின் படம் வரைந்த அட்டையையோ பெட்டியில் போட்டுக் கொடுங்கள். ‘தேர்வு உன்னுடையது, செலவு என்னுடையது’ என்று எழுதுங்கள். பிறகு இருவருமாகக் கடைக்குப் போங்கள். அவர் இருபது கம்புகளை ஆட்டிப் பார்க்கும்போது பொறுமையாக நிற்பதுதான் பரிசின் பாதி.

தீர்ந்துபோகிறவை: பாதுகாப்பான பரிசு

பலரும் இதை மட்டமாக நினைக்கிறார்கள். “புழுப் பாக்கெட்டையா பிறந்தநாளுக்குக் கொடுப்பது?” என்று என் தங்கையே கேட்டாள். அவர் நம்பும் அதே புழு, அதே நிறம், ஒரு பருவம் முழுக்கப் போதுமான அளவுக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பிடித்த நிறம் திடீரென்று உற்பத்தி நின்றுபோவது உண்டு. அப்படி நின்றுபோன நிறத்தில் பத்துப் பாக்கெட் தேடிப் பிடித்துக் கொடுத்தவரைப் பற்றி அவர் தன் நண்பர்களிடம் வருடக்கணக்கில் பேசுவார்.

புழுக்களை அழகுக்காக ஒரே கண்ணாடிக் குடுவையில் கலந்து போட்டுக் கொடுக்காதீர்கள். வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக் ஒன்றையொன்று தொட்டால் சில வகைகள் உருகிப் பிசினாகிவிடும். நிறமும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிடும். அதனதன் பாக்கெட்டில் இருப்பதுதான் அழகு.

முள் வாங்கினால் எண்ணைக் கவனியுங்கள். இது புதியவர்களை நன்றாகக் குழப்பும். வெறும் 1, 2, 4, 6 என்று போனால் எண் ஏற ஏற முள் சிறியது. பக்கத்தில் சாய்கோடும் பூஜ்யமும் வந்துவிட்டால் தலைகீழ்: 1/0-ஐவிட 3/0 பெரியது, 5/0 அதைவிடப் பெரியது. புழுவுக்கு 3/0, 4/0 அதிகம் பயன்படும். ஆனாலும் பெட்டியில் காலியான பாக்கெட் என்ன சொல்கிறதோ அதை வாங்குங்கள்.

தாராளமாகச் செய்ய நினைத்தால், இரையை மூழ்கடிக்க நரம்பில் கோக்கும் டங்ஸ்டன் உலோகக் குண்டுகள். ஈயக்குண்டையே பயன்படுத்துகிறவராக இருந்தால் இது உண்மையான மேம்பாடு. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டனுக்கு 19.3. அதாவது அதே எடை, ஆனால் ஏறத்தாழப் பாதிக்குச் சற்று மேல் அளவுதான். சிறிதாக இருப்பதால் பாசிக்குள் எளிதாக நுழையும்; கடினமாக இருப்பதால் அடியில் இருப்பது கல்லா சேறா என்று நரம்பின் வழியே கையில் உணர முடியும். ஈயம் நீர்ப்பறவைகளுக்கு நஞ்சு. அதனால் சில இடங்களில் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடையும் உண்டு. விலை கூட என்பதால் அவரே தனக்காக வாங்கத் தயங்கும் பொருள் இது. பரிசுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது.

நரம்பு வாங்கலாம், ஆனால் அவர் சுற்றியிருக்கும் அதே வகை, அதே பவுண்டு. மோனோ என்ற ஒற்றையிழை நரம்பு கொஞ்சம் இழுபடும். ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் மூழ்கும், கண்ணுக்கும் எளிதில் தெரியாது. பின்னல் நரம்பு துளியும் இழுபடாது. மேற்பரப்பில் துள்ளும் லூருக்கு ஃப்ளூரோகார்பனைக் கட்டினால் அது லூரின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

‘நூறு லூர் அடங்கிய பெட்டி’ என்று மலிவாக விற்கிறார்களே, அதை மட்டும் தொடாதீர்கள். அதில் தொண்ணூறு லூர் அவர் பிடிக்காத மீனுக்கு, மீதிப் பத்தின் முள் முதல் மீனிலேயே நிமிர்ந்துவிடும்.

மீன் பிடிக்கும் மனிதருக்கானவை

கம்பும் ரீலும் அவர் தேர்வு. ஆனால் அவருடைய கண், தோல், உயிர் ஆகியவற்றைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அங்கேதான் நமக்கு இடம் இருக்கிறது.

போலரைஸ்டு கண்ணாடியை நான் முதலில் வைப்பேன். தண்ணீரின் மேல் பட்டுத் திரும்பும் வெயில் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிற ஒளி. இந்தக் கண்ணாடி அதை வடிகட்டிவிடும். உடனே தண்ணீருக்குள் இருக்கும் மரக்கட்டை, பாசியின் விளிம்பு, சில சமயம் மீனே கண்ணுக்குத் தெரியும். ஆழமில்லாத ஏரிக் கரைகளுக்குச் செம்பு அல்லது அம்பர் நிறக் கண்ணாடி பொருந்தும். நடு ஏரியின் கொதிக்கும் வெயிலுக்குச் சாம்பல் நிறம். வாங்கும்போது அதை ஒரு கைப்பேசித் திரையின் முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான திரைகள் ஏதாவது ஒரு கோணத்தில் இருண்டுபோகும். எந்தக் கோணத்திலும் எதுவும் மாறவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். பார்வைக் குறை உள்ளவர் என்றால் அவருடைய பவருக்கே செய்து தருவார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

உயிர்காப்பு அங்கி அடுத்தது. பழைய பருத்த அங்கியை இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு மீன் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். வீசுவதற்குத் தடையாக இருக்கிறது என்பார்கள். அவர்களுக்கென்றே கழுத்தில் பட்டை போலக் கிடந்து, தண்ணீரில் விழுந்ததும் வாயு நிரம்பி உப்பும் அங்கிகள் இருக்கின்றன. இதில் மூன்று கவனம் வேண்டும். உள்ளே இருக்கும் வாயுக் குப்பி ஒரு முறைக்குத்தான். மாற்றுக் குப்பியையும் சேர்த்து வாங்குங்கள். நீச்சல் தெரியாதவருக்கு இந்த வகை ஏற்றதல்ல. கயாக்கில் போகிறவர் அடிக்கடி நனைவதால் அவருக்கு நுரை வைத்த அங்கியே நல்லது. முதுகுப் பக்கம் உயரமாக வெட்டியதாகப் பாருங்கள், இருக்கையில் சாய்ந்தால் உறுத்தாது.

படகுக்காரர் என்றால் என்ஜினை நிறுத்தும் கயிற்றையும் விசாரியுங்கள். ஓட்டுகிறவர் தூக்கி எறியப்பட்டால் என்ஜின் தானாக நின்றுவிடும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகள் வேகமெடுத்து ஓடும்போது இதை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் சட்டமே இருக்கிறது. கயிறு இல்லாமல் இயங்கும் வகையும் வந்துவிட்டது. “எனக்கு நீ முழுசா திரும்பி வரணும்” என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீளம் பார்க்கும் அளவுப் பலகை, டிஜிட்டல் தராசு, துருப்பிடிக்காத குறடு, சிவப்பு வெளிச்சமும் தரும் தலைவிளக்கு, வெயில் புகாத முழுக்கைச் சட்டை. மழைக்கோட்டு வாங்கினால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். குளிரில் உள்ளே இன்னும் இரண்டு சட்டை போட்டிருப்பார்.

யாருக்கும் தோன்றாத ஒரு பரிசு, ரீல் பராமரிப்பு. பருவம் முடிந்ததும் அவருடைய ரீல்களைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டு, பேரிங் மாற்றி வாங்கிக் கொடுங்கள். அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போக முடியாது என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் அப்படிச் செய்து கொடுத்த ரீலை என் மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு, காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, மறுபடி சுற்றினாள். அந்த ரீல் மேல்தட்டுக்குப் போகவில்லை.

நிஜமாகவே விசேஷமாக ஏதாவது

அவருடைய மிகப் பெரிய மீன் எது என்று உங்களுக்குத் தெரியுமா? நாள், இடம், எடை எல்லாம்? தெரியாவிட்டால் இன்றைக்கே கேளுங்கள். அரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள்.

அந்த மீனைச் சிலையாக்கிக் கொடுக்கலாம். முன்பெல்லாம் பெரிய மீன் கிடைத்தால் கொன்று, தோலைப் பதம் செய்து சுவரில் மாட்டுவார்கள். 1972-இல் ரே ஸ்காட் என்ற போட்டி அமைப்பாளர் தன்னுடைய பாஸ் போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் முறையைக் கொண்டுவந்த பிறகு, பிடித்து விடுவதே பாஸ்காரர்களின் மரியாதை ஆகிவிட்டது. மீன் தண்ணீருக்குப் போய்விட்டால் சுவருக்கு? நீளம், சுற்றளவு, ஒரு நல்ல படம் இருந்தால் போதும், கண்ணாடியிழையில் அதே மீனைச் செய்து, அதே வண்ணம் தீட்டித் தரும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் எடுக்கும். ஆகவே பிறந்தநாளுக்கு முந்தின வாரம் யோசிக்கிற பரிசு அல்ல.

எடை போடாமல் விட்ட மீனுக்கு ஒரு கணக்கு உண்டு. அங்குலத்தில் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் தோராயமாகப் பவுண்டில் எடை வரும். 20 அங்குல நீளம், 15 அங்குலச் சுற்றளவு என்றால் 5.6 பவுண்டு. நழுவிப்போன மீனுக்கு மட்டும் எந்தச் சூத்திரமும் பொருந்தாது. அது ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வளரும்.

சிலைக்கு இடமில்லை என்றால் மீன் அச்சு. ஜப்பானில் ‘க்யோடாக்கு’ என்பார்கள். மீனின் மேல் மை பூசி, தாளை ஒற்றி எடுப்பது. 19-ஆம் நூற்றாண்டு மீனவர்கள் தங்கள் மீனின் அளவைப் பதிவு செய்ய இப்படிச் செய்தார்கள். இன்று படத்தைப் பார்த்து அதே பாணியில் வரைந்து தருகிற ஓவியர்கள் கிடைப்பார்கள்.

எல்லாம் வைத்திருக்கிறவருக்குப் பழங்கால லூர் கொடுக்கலாம். லூருக்கும் சரித்திரம் உண்டு. பின்லாந்து மீனவர் லாரி ராப்பலா 1936-இல் தக்கைக் கட்டையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றும் வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கி மேலே பூசித் தன் முதல் லூரைச் செய்தார். பாஸ்காரர்களின் உயிரான ரப்பர் புழுவை 1949-இல் நிக் க்ரீம் என்ற அமெரிக்கர் தன் வீட்டிலேயே வார்த்துப் பார்த்தார். அந்தக் காலத்து லூர் ஒன்றைச் சட்டமிட்டுக் கொடுத்தால் மேசைமேல் நிற்கும். வண்ணம் புதிதாகப் பூசியதா, பழைய வண்ணமே தானா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புது வண்ணம் பூசியது அழகாக இருக்கும், ஆனால் சேகரிப்பவர் கண்ணில் மதிப்புக் குறைவு.

இதைவிட எனக்குப் பிடித்தது, வழிகாட்டியோடு ஒரு நாள். அவர் போக ஆசைப்படும் ஏரியில், அந்தத் தண்ணீரை விரல்நுனியில் வைத்திருக்கும் வழிகாட்டியை ஒரு நாளுக்கு அமர்த்திக் கொடுப்பது. பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகள்: கம்பும் லூரும் அவர்களே தருவார்களா? மீன்பிடி உரிமம் கட்டணத்தில் அடக்கமா? காற்று பலமாக அடித்தால் தேதி மாற்றலாமா? தேதியை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். தண்ணீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏறத் தொடங்கும் வசந்த நாட்களில் லார்ஜ்மவுத் முட்டையிடுவதற்காகக் கரைப்பக்கம் நகரும். பெரிய மீன் கிடைக்க வாய்ப்புள்ள காலம் அது. ஆனால் சில இடங்களில் அதே காலத்தில் பாஸ் பிடிக்கத் தடையும் இருக்கும். தேதியை அவரிடமே விட்டுவிடுங்கள்.

உரிமத்தையே பரிசாகக் கொடுக்க முடியுமா என்று கேட்பார்கள். அது ஆளின் பெயரில் எடுப்பது. அவருடைய அடையாள விவரங்கள் வேண்டும். பணமாகவோ சீட்டாகவோ கொடுத்து அவரையே எடுக்கச் சொல்வது எளிது.

கொடுக்கும் நேரத்தில்

லூரைப் பொதி கட்டும்போது அதிலுள்ள மும்முனைத் தூண்டில் முட்களுக்கு உறை போடுங்கள். நாயும் குழந்தையும் உள்ள வீட்டில் உறையில்லாத லூரை வண்ணத்தாளில் சுற்றி மேசைமேல் வைத்தால் கொண்டாட்டம் மருத்துவமனையில் முடியும். ரசீதை ஒரு உறையில் போட்டு, மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதியை மேலே எழுதி, பரிசோடே கொடுத்துவிடுங்கள். “பிடிக்கலைன்னா மாத்திக்கோ, எனக்கு வருத்தமில்ல” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். என் மனைவி அன்று பேசாமல் இருந்ததற்கு நான் அதைச் சொல்லாததும் ஒரு காரணம்.

பரிசுக் கூடையில் வாழைப்பழம் மட்டும் வைக்காதீர்கள். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கடிக்காது என்று தூண்டில்காரர்களிடையே ஒரு நம்பிக்கை. சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் பழத்தைக் கரையில் வைத்துவிட்டுத்தான் படகை எடுப்பார்கள்.

மேல்தட்டு ரீலின் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. மனைவியின் தம்பிக்கு மீன்பிடி ஆசை வந்தது. அவன் வலப்பக்கம் சுற்றுகிறவன். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெட்டி கீழே இறங்கியது. முதல் நாளே நாலு பவுண்டில் ஒரு லார்ஜ்மவுத் பிடித்துவிட்டான். “மாமா, உங்க கை ராசியான கை” என்று படம் அனுப்பினான். அவள் அதைப் பார்த்துவிட்டு, “அடுத்த தடவை இடப்பக்கமா பார்த்து வாங்குங்க” என்றாள்.